பல் மருத்துவம் படிக்க எந்தக் கல்லூரி? ஐந்தை நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

நீட் முடிவு வந்த அன்று ராத்திரியே அண்ணன் போன் செய்தார். “பொண்ணுக்கு எம்பிபிஎஸ் கிடைக்கிற மார்க் இல்லை. பிடிஎஸ் படிக்கிறேன்னு சொல்றா. எந்தக் காலேஜ்னு நீதான் சொல்லணும்” என்றார். பட்டுக்கோட்டையில் நான் பல் மருத்துவமனை வைத்துப் பத்து வருடம் தாண்டிவிட்டது. சொந்தத்தில் யாருக்குப் பல் வலித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் ஐந்து வருடப் படிப்பை முடிவு செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

முதலில் அவளை மூன்று நாள் என் மருத்துவமனையில் வந்து நிற்கச் சொன்னேன். எம்பிபிஎஸ் கிடைக்காத வருத்தத்தில் பிடிஎஸ் எடுத்து, இரண்டாம் வருடத்தோடு மனசு விட்டுப்போன பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அவளுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது. இரண்டாம் நாள் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். அவர் போனதும், “அத்தை, பல் அங்கே இருக்கு, ஊசியை ஏன் அவ்வளவு பின்னால போட்டீங்க?” என்று கேட்டாள். கீழ்த்தாடை நரம்பு வாயின் கடைக்கோடியில்தான் எலும்புக்குள் நுழைகிறது, அந்த வாசலில் மருந்து போட்டால்தான் அந்தப் பக்கம் முழுக்க மரத்துப்போகும் என்று ஒரு தாடையெலும்பு மாதிரியை வைத்துக் காட்டினேன். அந்தத் துவாரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரி, இவள் படிப்பாள் என்று அப்போதே தோன்றிவிட்டது.

அப்புறம்தான் கல்லூரி தேடல். இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் 2008இல் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அப்பாவும் நானும் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் கட்டடம். பளிங்குத் தரை, வரிசையாகப் புத்தம் புது டென்டல் சேர்கள், வாசலில் நீரூற்று. நாங்கள் சேர்க்கைக்குப் போனது மாலை நேரம் என்பதால் அந்த சேர்களில் நோயாளிகள் உட்காருவார்களா என்று பார்க்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. மூன்றாம் வருடம் கிளினிக் போஸ்டிங் தொடங்கியபோதுதான் தெரிந்தது, ஒரு நாளைக்கு வரும் நோயாளிகளை எங்கள் வகுப்புக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை நோயாளிகூட வராது.

இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பல் செட் செய்ய வேண்டும் என்று கோட்டா உண்டு. அதை முடித்தால்தான் தேர்வு எழுத முடியும். நோயாளி வராவிட்டால் என்ன செய்வது? தெருவில் இறங்கித் தேடினோம். பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், ஹாஸ்டல் வாட்ச்மேனின் மாமியார் என்று கெஞ்சிக் கூட்டி வந்தோம். அவர்களுக்கு ஆட்டோ காசு, மதியச் சாப்பாடு, கல்லூரிக்குக் கட்ட வேண்டிய சிகிச்சைக் கட்டணம் எல்லாம் எங்கள் கைக்காசு. படிப்பின் கடைசியில் வரும் பயிற்சி வருடமான ஹவுஸ் சர்ஜன் வருடம் முடிந்து வெளியே வந்தபோது நான் யார் துணையும் இல்லாமல் பிடுங்கிய பற்கள் முப்பதைத் தாண்டவில்லை. சென்னை அரசுக் கல்லூரியில் படித்த என் பள்ளித் தோழி அந்த எண்ணிக்கையை இரண்டு வாரத்தில் தாண்டியிருந்தாள். பட்டம் வாங்கிய பிறகு தஞ்சாவூரில் ஒரு மூத்த மருத்துவரிடம் இரண்டு வருடம் உதவியாளராக இருந்துதான் என் கை தேறியது. அந்த இரண்டு வருடத்தை அண்ணன் மகள் இழக்கக்கூடாது.

அதனால் அண்ணனிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கல்லூரி பார்க்கப் போவது புதன் அல்லது வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு. திங்கட்கிழமை எல்லா மருத்துவமனையிலும் கூட்டம் இருக்கும், அதை நம்ப முடியாது. சேர்க்கை அலுவலகத்துக்குக் கடைசியில் போகலாம், முதலில் போக வேண்டியது ஓபி, அதாவது வெளிநோயாளிகள் பிரிவு.

முதலில் பார்த்தது ஒரு தனியார் கல்லூரி. உள்ளே நுழைந்ததும் எனக்கு என் கல்லூரி நினைவு வந்துவிட்டது. கண்ணாடிக் கட்டடம், குளிரூட்டிய அரங்கம், காபி ஷாப். பத்தரை மணிக்கு ஒரு கிளினிக் கூடத்தில் நின்று எண்ணினோம். ஐம்பதுக்கு மேல் சேர், அதில் ஏழு பேர். பாதி சேர்களில் பிளாஸ்டிக் உறையே எடுக்கப்படவில்லை. மாணவர்கள் ஓரமாக உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண்ணிடம் நானும் பல் மருத்துவர்தான் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். “பேஷன்ட் நாங்கதான் கூட்டிட்டு வரணும் மேடம்” என்றாள். பதினைந்து வருடம் கழித்தும் அதே வார்த்தை. அதே கூடத்தில் பல் பிடுங்கும் இடுக்கி ஒன்றை ஒரு நோயாளியிடம் பயன்படுத்திவிட்டு, ஒரு தட்டில் இருந்த கரைசலில் முக்கி எடுத்து அடுத்தவருக்கு வைப்பதைப் பார்த்தேன். ரத்தம் படும் கருவியை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரமாவது வைத்து எடுக்காமல் அடுத்த வாயில் வைக்கவே கூடாது. இதை அங்கே படிக்கும் பிள்ளை சரி என்றே நினைத்துக்கொள்ளும், அதுதான் எனக்குக் கவலை. அந்தக் கல்லூரி எங்கள் பட்டியலிலிருந்து அங்கேயே போய்விட்டது.

இரண்டாவது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கல்லூரி. இதைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். கூட்டம் இருந்தது. நுண்ணோக்கி வைத்து ரூட் கேனால் செய்தார்கள், முப்பரிமாண ஸ்கேன் இருந்தது, பல் செட்டும் கேப்பும் செய்யும் லேப் அந்த வளாகத்திலேயே இருந்தது. கருவிகள் எல்லாம் பையில் போட்டு ஒட்டி, நீராவியில் வெந்ததற்கு அடையாளமாகக் கோடு நிறம் மாறி வந்தன. ஆனால் ஹவுஸ் சர்ஜன்களிடம் பேசியபோது ஒரு விஷயம் புரிந்தது. பல் மருத்துவ மேற்படிப்பான எம்டிஎஸ்ஸில் ஒன்பது பிரிவுகள். அந்த ஒன்பதிலும் அங்கே பட்ட மேற்படிப்பு மாணவர்கள் நிறைய. கடைவாய்ப் பல் ரூட் கேனால், புதைந்த ஞானப்பல், பல் வரிசை சீரமைப்பு என்று கொஞ்சம் சிக்கலான எல்லாமே அவர்களிடம் போய்விடுகிறது. பிடிஎஸ் பிள்ளைகளுக்கு முன்பல் ரூட் கேனாலும் கிளீனிங்கும் மிஞ்சுகிறது. மேலே எம்டிஎஸ் படித்தே தீருவேன், ஆராய்ச்சிக்குப் போவேன் என்கிற பிள்ளைக்கு இந்தச் சூழல் பெரிய வரம். பிடிஎஸ் முடித்ததும் ஊரில் மருத்துவமனை வைக்க நினைக்கும் பிள்ளைக்கு அவ்வளவு பொருந்தாது. கட்டணமும் எங்களுக்கு எட்டாது.

தர வரிசை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பட்டியலில் பல் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு 2020இல் தொடங்கியது. முதல் வருடம் டெல்லி மௌலானா ஆசாத் நிறுவனம், அடுத்த வருடம் மணிப்பால், 2022லும் 2023லும் சென்னை சவீதா முதலிடத்தில் வந்தன. கற்பித்தல், ஆராய்ச்சி, தேர்ச்சி பெற்றவர்களின் நிலை, எல்லாத் தரப்பினரையும் சேர்ப்பது, மக்கள் மத்தியில் பெயர் என்று ஐந்து தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள். அது பயனுள்ள பட்டியல்தான். ஆனால் மூன்றாம் வருடப் பிள்ளை ஒரு மாதத்தில் எத்தனை பல் பிடுங்குகிறது என்று அது சொல்லாது. அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கல்லூரியும் தனியார்தான், பழைய கட்டடம். வாசலில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது, “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார். ஆனால் போர்டிகோவில் கல்லூரி வேன் ஒன்று வந்து நின்றது. கிராமத்து ஜனங்கள் இருபது பேர் இறங்கினார்கள். முகாம் நடத்தி, சிகிச்சை தேவைப்படுகிறவர்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு வந்து, மாலையில் கொண்டுபோய் விடுகிறார்களாம். தினமும் மூன்று வண்டி. ஓபி சீட்டு கொடுக்கும் இடத்தில் வரிசை படிக்கட்டுவரை வந்திருந்தது. சேர் எப்போது காலியாகும் என்று காத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பல் செட் கட்டும் பிரிவில் அரை மணி நேரம் நின்றோம். எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டிக்கு ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி மெழுகில் பல் அடுக்கி வைத்த செட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இது கடைசிக்கு முந்தைய கட்டம். இங்கே தவறு இருந்தால் மெழுகை உருக்கித் திருத்திவிடலாம், அக்ரிலிக்கில் வார்த்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. “வாழைப்பழம்னு சொல்லுங்க பாட்டி” என்றான். அவர் சொன்னார். ‘வா’ சரியாக வரவில்லை, காற்று கலந்து ‘ஃபா’ மாதிரி வந்தது. மேல் முன்பல்லின் நுனி கீழ் உதட்டை மெல்லத் தொட்டால்தான் அந்த ஒலி சுத்தமாக வரும். பல் கொஞ்சம் குட்டையாக மேலே ஏறிவிட்டால் உதட்டில் சரியாகப் படாது. அவனுக்கு அது உடனே பிடிபட்டது. செட்டை வெளியே எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி, முன்பல் இரண்டின் அடி மெழுகை இளக்கி மயிரிழை அளவு கீழே இறக்கினான். குளிர்ந்த நீரில் காட்டிவிட்டு மறுபடி போட்டான். “வாழைப்பழம்.” இந்த முறை தெளிவாக வந்தது. பாட்டி கண்ணாடியை வாங்கி இரண்டு நிமிடம் பார்த்தார். “வெத்தலை போடலாமா தம்பி?” என்று கேட்டார்.

எனக்கு அந்தப் பையனைவிடப் பின்னால் நின்ற ஆசிரியைதான் முக்கியமாகப் பட்டார். அவர் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பல் குட்டை என்று அவருக்கு நிச்சயம் முதலிலேயே தெரிந்திருக்கும். கையை நீட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவன் சரி செய்து முடித்ததும் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சேருக்குப் போனார். என் கல்லூரியில் நேரமாகிறது என்று ஆசிரியர்கள் எங்கள் கையிலிருந்து கருவியை வாங்கி அவர்களே முடித்துவிடுவார்கள்.

அதே கல்லூரியில் குறைகளும் இருந்தன. பெண்கள் விடுதியில் கோடையில் தண்ணீர் லாரிதான் என்றார்கள். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி ஒரு பிள்ளைகூட நல்லதாகச் சொல்லவில்லை. நூலகம் ஐந்து மணிக்கு மூடிவிடுகிறது. இதையெல்லாம் சேரும் முன்பே அவள் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுதிக்குள்ளும் அவளை அழைத்துப் போய்க் காட்டினேன்.

ஒவ்வொரு கல்லூரியிலும் நான் தவறாமல் பார்த்த இன்னொரு இடம் இரண்டாம் வருட லேப். நோயாளியின் வாயில் கை வைக்கும் முன்பு, பேந்தம் ஹெட் என்கிற பொம்மைத் தலையில் பல் பொருத்தித் துளையிடப் பழகுவார்கள். ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, அதில் தண்ணீரும் காற்றும் வருகிறதா, பல்லைத் துளையிடும் ஏரோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாத இயந்திரத்தை வரிசையாகத் துடைத்து வைத்திருக்கும் லேபும் உண்டு. இந்தப் பயிற்சிக்குப் பிடுங்கிய நிஜப் பல்லும் தேவைப்படும். வருடா வருடம் என் மருத்துவமனைக்கே இரண்டாம் வருடப் பிள்ளைகள் பாட்டிலோடு வருவார்கள், “சொத்தை அதிகம் இல்லாத கடைவாய்ப் பல்லா இருந்தா நல்லா இருக்கும் மேடம்” என்று. அவர்களுக்காகவே ஃபார்மலின் ஊற்றிய ஜாடி ஒன்று வைத்திருக்கிறேன். வெறுங்கையோடு யாரையும் அனுப்பியதில்லை.

இனி அரசுக் கல்லூரிகள். தமிழ்நாட்டில் மூன்று. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. சிதம்பரத்தில் இருப்பது 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா கல்லூரியாகத் தொடங்கியது. அரசு எடுத்த பிறகும் அங்கே தனியார் அளவுக்குக் கட்டணம் இருந்ததால் மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள், 2021இல் அது சுகாதாரத் துறையின் கீழ் வந்து அரசுக் கட்டணமும் வந்தது. புதுக்கோட்டையில் 2023இல் 50 இடங்களோடு மூன்றாவது திறந்தார்கள்.

சென்னையும் சிதம்பரமும் போய்ப் பார்த்தோம். சென்னையில் கூட்டத்தை எண்ண வேண்டிய அவசியமே இல்லை, தோளை உரசிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. அரசு பொது மருத்துவமனை நடந்து போகும் தூரம். சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதே வளாகத்தில். பல் படிக்கும் பிள்ளைக்கு அது எதற்கு என்று அண்ணன் கேட்டார். மூன்றாம் வருடத்தில் பொது மருத்துவமும் பொது அறுவை சிகிச்சையும் பாடம். என்னிடம் பல் பிடுங்க வருகிறவர்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இந்த மூன்றில் ஒன்று இல்லாத ஐம்பது வயதுக்காரர் அபூர்வம். அந்த நோயாளிகளை வார்டில் நின்று பார்த்துப் படித்தவருக்கும் புத்தகத்தில் படித்தவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. புதுக்கோட்டை எங்கள் ஊருக்குப் பக்கம். புதிய கல்லூரி என்பதால் படித்து முடித்த சீனியர்களிடம் விசாரிக்க வழியில்லை. ஆனாலும் அரசுக் கட்டணத்தில், வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் நான் யோசிக்காமல் சேர்த்துவிடுவேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. தனியார் கல்லூரிகளுக்குக் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை கலந்தாய்வுத் தகவல் கையேட்டில் கல்லூரி வாரியாக இருக்கும். அதற்கு மேல் கேட்பது என்ன என்று எழுதி வாங்குங்கள். கருவிகளை மாணவர்தான் வாங்க வேண்டுமா, லேப் கட்டணம் யார் தலையில், நோயாளியின் சிகிச்சைக் கட்டணம் யார் தலையில் என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். மூன்றாவது கேள்விக்குப் பதில் மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். நடுவில் படிப்பை விட்டால் என்ன ஆகும் என்கிற பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிடிஎஸ் சேர்ந்துவிட்டு அடுத்த நீட் எழுதலாம் என்று நினைக்கிறவர்களுக்கு அது ரொம்ப முக்கியம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பிடிஎஸ்ஸுக்கும் உண்டு, பலர் அது எம்பிபிஎஸ்ஸுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. அதனால் அந்தக் கல்லூரிகளுக்குள் புத்தகப் படிப்பில் பெரிய வேறுபாடு தேட வேண்டாம். நான்கு வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜனும் முடிக்கும்போது கையில் என்ன பழக்கம் சேர்ந்திருக்கும் என்பதில்தான் வேறுபாடு.

விருப்பப் பட்டியலில் முதல் மூன்றும் அரசுக் கல்லூரிகள், நான்காவது அந்தச் சுண்ணாம்பு உதிர்ந்த கல்லூரி. அவளே எழுதினாள். கண்ணாடிக் கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அரசு இடங்கள் அவள் மதிப்பெண்ணுக்கு முன்பே முடிந்துவிட்டன. நான்காவது கிடைத்தது. அண்ணனுக்கு இன்னும் அந்தச் சுவர் கண்ணை உறுத்துகிறது.

சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் வருடத்தில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கும் பயிற்சி. போன வாரம் மேல் நடு முன்பல்லைச் செதுக்கிப் படம் அனுப்பினாள். முன்பக்கம் அழகாக வந்திருந்தது. உள்பக்கம், ஈறை ஒட்டி இருக்க வேண்டிய மேடு பல்லின் நடுவே போய் உட்கார்ந்திருந்தது. நாக்கால் உன் பல்லின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி செதுக்கு என்று எழுதினேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு இன்னொரு படம் வந்தது. மேடு இறங்கி அதன் இடத்துக்கு வந்திருந்தது.